இன்னொருவர் வாசித்த சோலோ

பாட்டு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே இசோபேவுக்குத் தெரிந்துவிட்டது. கேட்பது அவனுடைய கிட்டார்தான். வாசிப்பது அவன் இல்லை.

தோக்கியோவில் ஒரு வானொலி நிலையம். மத்தியான நிகழ்ச்சி, நேரலை. மேசையைச் சுற்றி ஷியோசகாய் குழுவின் நாலு பேரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கடல் நீரோட்டங்கள் வந்து முட்டும் இடத்துக்கு மீனவர்கள் வைத்த பெயர் ஷியோசகாய். மீன் குவிவது அங்கேதான். பாடகன் அகுட்சுதான் அந்தப் பெயரைப் பிடித்து வந்தான், பொருத்தமாகத்தான் இருந்தது. நாலு பேரும் நாலு பெரிய குழுக்களிலிருந்து வந்தவர்கள். அகுட்சுவின் குழு அரங்கம் அரங்கமாக நிரப்பிவிட்டு, உள்ளே பேச்சு முறிந்துபோய் ஓய்வில் கிடந்தது. டிரம்ஸ் வாசிக்கும் நிரசவா எத்தனையோ பேரோடு வாசித்தும் ஒருவரோடும் சண்டை போடாதவர் என்று பேர் எடுத்தவர். பேஸ் கிட்டார் வாசிக்கும் மினெகிஷி தமாகி, ‘மிகான்பாகோ’ என்கிற பெண்கள் குழுவில் இருந்தவள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்விட்டுப் பாடும் பாட்டுகள் அவர்களுடையவை.

நாலாவது ஆள் இசோபே குனியோ. ‘டெட்சுகுசு’ குழுவின் கிட்டார். அந்தக் குழு கலைந்து வெகுநாள் ஆகியும் இளவட்டங்கள் அவன் வாசித்ததை விரல் விரலாகப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் சேர்கிறார்கள் என்று செய்தி வந்த அன்று எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: நடுவில் இசோபே தனியாக வாசிக்கும் சோலோ எப்படி இருக்கும்?

ஹெட்போனில் அந்த சோலோ ஓடிக்கொண்டிருந்தது. முடிந்த பாட்டை இசோபேவும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறான். அவனுடைய கிட்டார், ஒலியைப் பெருக்கும் அவனுடைய ஆம்ப், அந்தக் கரகரப்புகூட அவனுடையதுதான். ஆனால் அவன் ஒரு சுரத்தைப் பிடித்தால் உலுக்கி எடுப்பான். இது சுரத்தைத் தொட்டு மெல்ல அசைத்தது. நடுவில் ஓர் இடத்தில் வாசிப்பு சட்டென்று நின்று, மூச்சுவிட மறந்தாற்போல இருந்துவிட்டு, பிறகு இறங்கியது. இசோபே வாழ்நாளில் எங்கேயும் அப்படி நின்றதில்லை. நிற்கத் தைரியமும் இருந்ததில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நிரசவா தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அகுட்சு கூரையைப் பார்த்தான். தமாகியின் காது நுனி வரை சிவந்திருந்தது.

நடந்தது என்ன என்பது அந்தச் சிவப்பிலேயே தெரிந்தது. ஒரு வருஷமாக அவனுடைய இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வேகமான இடம் வந்தால் தாமாகவே உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். மருத்துவர் அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார். இசோபே அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒலிப்பதிவின்போது சோலோவைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, “கடைசியா எடுத்ததையே வச்சுக்கோங்க, அதுல ஒரு உயிர் இருக்கு” என்று சொல்லி, மற்றவர்கள் முகத்தைப் பார்க்காமல் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போயிருந்தான். கிட்டார் அங்கேயே நின்றது. அவன் போன பிறகு அதை எடுத்து வாசித்தது யாரென்று இப்போது புரிந்தது.

பாட்டு முடிந்தது. நிகழ்ச்சி நடத்தும் உராபே ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தன் கையை நீட்டிக் காட்டினாள்.

“இசோபே சான், இதைப் பாருங்க, முடியெல்லாம் நட்டுக்கிட்டு நிக்குது! உங்க பழைய வாசிப்பு வேற, இது வேற. நடுவுல ஒரு இடத்துல மூச்சைப் புடிச்சு நிறுத்துறீங்களே... எங்கேருந்துங்க வந்துச்சு அது?”

அந்த நேரத்தில் அவன் சொல்லியிருக்கலாம். ‘அது இவங்க வாசிச்சது’ என்று பக்கத்தில் கையைக் காட்டினால் போதும், எல்லோரும் சிரித்திருப்பார்கள், விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவன் வாயும் திறந்தது. ஆனால் வந்தது வேறு.

“எங்கப்பாகிட்டேருந்து.”

“அப்பாவா?”

“ஹகோடாதேல கணவாய் மீன் புடிக்கிற படகுல இருந்தாரு. கரைக்கு வந்தா கணவாயைக் கம்புல காயப்போடுவாரு. அப்போ ஒரு மெட்டை விசிலடிப்பாரு. எப்பவும் பாதியில நிறுத்திடுவாரு. மீதியைக் கேட்டா, மறந்துபோச்சும்பாரு. அவரும் போயிட்டாரு. அந்த மீதியைத்தான்... நான் தேடிட்டிருந்தேன்.”

சொல்லச் சொல்லக் கதை தானாகவே வளர்ந்தது. குரல்கூட சரியான இடத்தில் கொஞ்சம் கம்மியது. உராபே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இசோபேவின் அப்பா ஆயுளில் ஒரு தடவைகூட விசிலடித்தவர் இல்லை. மகன் கிட்டாரை எடுத்தால் “சத்தம்” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். அவனுடைய கச்சேரிக்கு ஒருநாளும் வந்ததில்லை.

நிகழ்ச்சி முடிந்து லிஃப்டுக்காக நின்றார்கள். முதலில் பேசியது அகுட்சுதான்.

“ஒரு கதை விட்டா இப்படி விடணும்டா. எனக்கே அழுகை வந்திருச்சு.” சிரித்துப் பார்த்தான், மற்ற யாரும் சிரிக்கவில்லை என்றதும் குரலைத் தணித்துக்கொண்டான். “நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்டா. சொல்றேன் சொல்றேன்னு நாளைத் தள்ளிட்டேன். தப்பு என்மேலதான்.”

தமாகி அவன் எதிரில் வந்து இடுப்பு வளையக் குனிந்தாள்.

“இசோபே சான், மன்னிச்சிருங்க. உங்களைக் கேக்காம உங்க கிட்டாரைத் தொட்டிருக்கக் கூடாது.”

தன் பொய்யைக் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தவள், இப்போது தன்னிடமே மன்னிப்புக் கேட்கிறாள். இசோபேவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் வாய் இருக்கிறதே, அது அப்போதும் அவனுக்கு முன்னால் ஓடியது.

“பரவால்ல. அடுத்த தடவை வாசிக்கும்போது சுரத்தை இன்னும் கொஞ்சம் நல்லா உலுக்கு. ரொம்பப் பயந்து பயந்து வாசிச்ச மாதிரி இருக்கு.”

அவள் மறுபடி குனிந்து, “சரிங்க” என்றாள். லிஃப்ட் வந்தது. கீழே இறங்கும் வரை நிரசவா செருமக்கூட இல்லை.

கதை பரவியது. பத்திரிகைகள் எழுதின. பாட்டின் பெயரையே மறந்து ‘அப்பாவின் மீதிப் பாட்டு’ என்று ஜனங்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவனுக்குத் தங்கள் அப்பாக்களைப் பற்றி எழுதினார்கள். நீகாத்தாவில் பேருந்து ஓட்டும் ஒருவர், தன் அப்பாவோடு எட்டு வருஷம் பேசாமல் இருந்து, அவர் இறந்தபோதும் போகாமல், இந்த சோலோவைக் கேட்ட பிறகுதான் கல்லறைக்குப் போனதாக எழுதியிருந்தார். இசோபே அந்தச் செய்தியைப் பாதியில் மூடினான். பிறகு திறந்து முழுக்கப் படித்தான். பதில் எழுத உட்கார்ந்தான். “நன்றி” என்பதற்கு மேல் கை ஓடவில்லை. அதையே அனுப்பிவிட்டு, பல் தேய்க்கப் போய்க் கண்ணாடியைப் பார்க்காமல் தேய்த்தான்.

அப்புறம் ஒருநாள் காலையில் அம்மாவிடமிருந்து போன்.

“ஏன்டா குனியோ, உங்கப்பா எப்படா விசிலடிச்சாரு?” அம்மா சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். “அவருக்கு முன்பல்லு ரெண்டும் கிடையாதே. படகுக் கயிறு அடிச்சுப் போனது. காத்துதான் வரும், விசில் எங்கேருந்து வரும்?”

“அம்மா, அது... ரேடியோவுல சும்மா...”

“சும்மாவா? இங்க பேப்பர்காரங்க கேமராவோட வந்துட்டாங்க. வாசல்ல நிக்க வச்சுப் படம் எடுத்தாங்க. ‘உங்க வீட்டுக்காரர் என்ன மெட்டுங்க விசிலடிப்பாரு’ன்னு கேக்குறாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“என்னத்தச் சொல்ல? ஆமா, அடிப்பாரு, காலையில எழுந்ததும் அடிப்பாருன்னேன். தெருவே கூடி நிக்குது. என் புள்ள பொய் சொல்றான்னா சொல்ல முடியும்?”

இசோபே போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தான். எழுபத்தாறு வயதுவரை கடைக்காரனிடம்கூட ஒரு பொய் சொல்லாதவள். மீன் பழசா என்று கேட்டால், பழசு என்று சொல்லித் தான் விற்க வந்ததைத் திருப்பி எடுத்து வந்தவள்.

“சரி போ. வாசிப்பு நல்லாத்தான் இருந்துச்சு. அப்பா படத்துக்கு முன்னாடி போட்டுக் காட்டினேன்.” அம்மா கொஞ்சம் நிறுத்தினாள். “அது நீ வாசிச்சதுதானேடா?”

அந்தப் பக்கம் கெண்டி கொதித்து மூடி தடதடக்கும் சத்தம் கேட்டது. அம்மா அதை இறக்கி வைக்கக்கூடப் போகவில்லை.

“சாப்பிட்டியா?” என்று கேட்டாள் கடைசியில்.

“சாப்பிட்டேன்மா.”

“சரி, வச்சிர்றேன்.”

சென்தாய் அருகே கடலோரத்தில் நடக்கும் விழாவில்தான் ஷியோசகாய் முதன்முதலாக மேடையேறுவதாக இருந்தது. ஒத்திகை முடிந்த ஒரு மத்தியானம், தமாகி பேஸைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது இசோபே அவள் முன்னால் போய் நின்று இடது கையை நீட்டினான். சொல்லத் தெரியாமல், வாசித்துக் காட்டினான். சோலோவின் வேகமான இடம் வந்ததும் இரண்டு விரல்களும் நெருப்பில் பட்ட புழு மாதிரி சுருண்டன.

அவள் குனிந்து அந்த விரல்களைப் பார்த்தாள்.

“எப்பலேருந்து?”

“ஒரு வருஷமா.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்.” அவன் கிட்டாரை இறக்கி வைத்தான். “விழாவுல நீ வாசி. நான் பேஸ் எடுத்துக்கறேன், அது என் கைக்கு வரும். ரெக்கார்டுல வாசிச்சதும் நீதான்னு மைக்ல சொல்லிடறேன். அன்னைக்கு லிஃப்டு கிட்ட உனக்குப் புத்தி சொன்னேன் பாரு, அதை நினைச்சா...”

தமாகி சரியென்று உடனே சொல்லவில்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு ஞாபகம் இருக்காது. மிகான்பாகோ ஆரம்பிச்ச புதுசுல நீங்க ஒரு பேட்டி குடுத்தீங்க. ‘அந்தப் பொண்ணுங்க எங்க வாசிக்கிறாங்க, ரெக்கார்டுல வாசிக்கிறது வாடகைக்குப் புடிச்ச ஆம்பளைங்க, இவங்க மேடையில கைய ஆட்டுறாங்க’ன்னு.”

இசோபேவுக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பான். அந்த வயதில் குடித்துவிட்டு, சுற்றிலும் நாலு பேர் சிரிக்க, அதைவிட மோசமாகவும் சொல்லியிருப்பான்.

“எங்க டிரம்மர் அதைப் படிச்சுட்டு ஒரு வாரம் அழுதா. அப்புறம் வாசிக்கிறதையே விட்டுட்டா. நாங்க ஒவ்வொரு சுரமும் நாங்களேதான் வாசிச்சோம், இசோபே சான்.”

அவன் தலை தானாகக் கவிழ்ந்தது.

“இருங்க, இன்னும் இருக்கு. அன்னைக்கு ஸ்டுடியோவுல உங்க கிட்டாரை எடுத்தப்ப எனக்கு அந்தப் பேட்டிதான் ஞாபகம் வந்துச்சு. இப்ப இவருக்கு நான் வாடகை ஆளுன்னு நினைச்சேன். உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. நல்லா சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் ரேடியோ நிலையத்துல உங்க முகத்தைப் பார்த்தேன். அந்த சந்தோஷத்துக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன், கிட்டாரைத் தொட்டதுக்கு இல்ல.”

இசோபேவும் எதிரில் உட்கார்ந்தான். இருவராலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. பிறகு அவள் எழுந்து, பேஸைப் பெட்டியிலிருந்து எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

“தோள்ல மாட்டுற என் பட்டை உங்களுக்குச் சின்னதா இருக்கும். நீட்டிக்கோங்க.”

விஷயம் தெரிந்ததும் அகுட்சு குதித்தான்.

“உனக்கென்ன பைத்தியமா? நீ மட்டுமா பொய்யனாவே? பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருந்தோமே, நாங்க யாரு? ஜனங்க அழுதுருக்காங்கடா. அவங்ககிட்டப் போய் அதெல்லாம் டுபாக்கூர்ன்னு சொல்லப் போறியா? கை வலின்னு சொல்லிட்டு விலகிக்கோ, ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

“எங்கம்மா பேப்பர்காரங்ககிட்டப் பொய் சொல்லியிருக்காங்க, அகுட்சு. எனக்காக.”

நிரசவாதான், அத்தனை நாளில் முதல் தடவையாக, வாய் திறந்தார்.

“சொல்லட்டும்ப்பா. எனக்கும் ராத்திரி தூக்கம் வரல.”

விழா நாளன்று வெயில் சுள்ளென்று அடித்தது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு, கடல் வரை ஜனம் நின்றது. அந்தப் பாட்டுக்கு முன்னால் இசோபே கிட்டாரைத் தமாகியிடம் கொடுத்துவிட்டு பேஸை மாட்டிக்கொண்டபோது, ஏதோ வேடிக்கை என்று நினைத்து எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அவன் மைக்கிடம் போனான். முந்தின நாள் முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை.

“இந்தப் பாட்டுல வர்ற சோலோ மினெகிஷி தமாகி வாசிச்சது. ரெக்கார்டுலயும் இவங்கதான். நான் இல்ல. என் கை... என் கையால முடியல. எங்கப்பா விசிலடிச்சாருன்னு நான் சொன்னது பொய். எங்கம்மா அதை ஆமான்னு சொன்னது என்னால. உங்க அப்பாவைப் பத்தியெல்லாம் எனக்கு எழுதினீங்க. மன்னிச்சிருங்க.”

குனிந்தான். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அதுவும் வேடிக்கைதான் என்று நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது. ஒருவர் கைதட்டத் தொடங்கி, பக்கத்தில் யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார். அத்தனை ஆயிரம் பேர் நிற்கும் இடத்தில் மேடைத் துணி காற்றில் படபடப்பது கேட்டது. பின்னாலிருந்து நிரசவா கோலால் தட்டித் தாளம் கொடுத்தார்.

தமாகி வாசித்தாள். அவள் நிறுத்துகிற அந்த இடத்தில் இசோபேவும் நிறுத்தவேண்டும். பதற்றத்தில் ஒரு சுரம் முந்திக்கொண்டு, அந்த மௌனத்தின் நடுவில் பேஸ் தனியாக ‘தும்’ என்று முழங்கியது. கூட்டத்துக்கே கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் வாசித்து முடித்தாள். இந்தத் தடவை கைதட்டல் அவளுக்கு வந்தது, மழை மாதிரி.

மறுநாளிலிருந்து ஏச்சும் பேச்சும் வந்தன. ‘விசில் மன்னன்’ என்று பட்டம் கட்டினார்கள். அவனை விட்டுக்கொடுக்காத பழைய ரசிகர்கள் தமாகியைத் திட்டினார்கள், அதுதான் அவனை அதிகம் அரித்தது. பாட்டை வெளியிட்ட நிறுவனம் பணிவான வார்த்தைகளில் வருத்தம் தெரிவித்தது. நீகாத்தா பேருந்துக்காரர் மறுபடி எழுதினார். திட்டவில்லை. “எங்கப்பாவைப் பத்தி உங்ககிட்டச் சொன்னதை நினைச்சா எனக்குத்தான் வெக்கமா இருக்கு” என்று மட்டும் இருந்தது. அதற்கு இசோபே பதில் எழுதவில்லை. எழுதும் தகுதி தனக்கு இல்லை என்று பட்டது.

குழு கலையவில்லை. சில நாள் கழித்து அகுட்சுதான் போன் செய்து, “பேஸ் பழகிக்கோடா, அந்த ‘தும்’ சகிக்கல” என்றான். அதைக் கேட்டு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததற்காகவும் இசோபே கூச்சப்பட்டான்.

சொந்த ஊரான ஹகோடாதேக்குப் போனபோது அம்மா ஒரு வாரமாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று தெரிந்தது. காலைச் சந்தைக்குப் போகவில்லை. பொதுக் குளியலுக்கும் போகவில்லை. உப்புப்போட்ட முள்ளங்கியும் சோறுமாகக் காலம் தள்ளியிருந்தாள்.

“நான் சொன்னதைப் பேப்பர்ல பெரிய எழுத்துல போட்டுட்டாங்களே. எப்படி வெளியில தலை காட்ட?”

“வாம்மா. ஒவ்வொரு வீடாப் போய் நான் சொல்றேன்.”

“நீயா?” அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ சொன்னா யாருடா நம்புவா?” என்று கேட்டுவிட்டு எழுந்து, நல்ல மேல்சட்டையைத் தேடி எடுத்தாள்.

மன்னிப்புக் கேட்கும்போது கொடுக்க, தோக்கியோவில் வாங்கிய பலகாரப் பெட்டிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். முதலில் அடுத்த வாசல், தோஃபு விற்கும் தோகாஷி அம்மாள் வீடு. அந்தப் பத்திரிகைப் படத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் பல் தெரிய நிற்பது அந்த அம்மாள்தான். இசோபே வாசலிலேயே குனிந்தான்.

“அம்மா பொய் சொன்னது எனக்காகத்தாங்க. அவங்க மேல தப்பில்ல. உங்களையெல்லாம் ஏமாத்தினது நான்தான்.”

“யாரை ஏமாத்தினே?” தோகாஷி அம்மாள் ஈரக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள். “நாப்பது வருஷம் பக்கத்து வீடு. உங்கப்பா விசிலடிச்சு என் காதுல விழுந்ததே இல்ல. அவரு வாயைத் திறந்து பேசினாலே அதிசயம்.”

“அப்ப ஏன்டி பேசாம இருந்தே?” என்றாள் அம்மா.

“பேசாம எங்கடி இருந்தேன்? என்கிட்டயும்தான் கேட்டான் அந்தப் பேப்பர்காரன். ‘இன்னும் காதுல கேக்குதுங்க’ன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். போட்டுட்டான், பாரு, உன் படத்துக்குக் கீழேயே இருக்கு. நான் எப்படி வெளியில தலை காட்டுறதுன்னு ஒரு வாரமா உன் வீட்டுப் பக்கமே வரல.”

அம்மா அவளைப் பார்த்தாள். அவள் அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். குனிந்தபடியே இருந்த இசோபேவின் உதட்டிலும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

“நீ சிரிக்காதே. எங்களுக்குச் சிரிப்பு வரலாம். உனக்கு வரக் கூடாது.”

அவன் உதட்டை மடித்துக்கொண்டான்.

அங்கிருந்து கிளம்பி நடந்தார்கள். அம்மா முன்னால் போனாள். கொஞ்ச தூரம் போன பிறகு, வெகுநாளாக மனசில் கிடந்ததை இசோபே கேட்டான்.

“அம்மா, அப்பா எப்பவாவது என் பாட்டைக் கேட்டிருக்காரா? நான் இல்லாதப்ப?”

அம்மா யோசித்துப் பார்த்தாள். ஒரு பொய் சொல்ல அப்போது நல்ல இடமிருந்தது.

“இல்லடா. அவருக்குப் பாட்டே புடிக்காது. அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?”

அடுத்த வீட்டு வாசலில் மணியடித்தார்கள். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை அடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். இசோபே பலகாரப் பெட்டியைக் கதவருகே வைத்துவிட்டுப் போகலாமா என்று குனிந்தான்.

“எடு அதை,” என்றாள் அம்மா. “வச்சுட்டு ஓடலாம்னு பாக்குறியா? நாளைக்கு வருவோம்.”